ஓசிச் சோப்பு

ஓடப்பன்பட்டியில் வெள்ளை வேட்டி கட்டுகிறவர்கள் மூன்று பேர். மற்றவர்களும் வேட்டி கட்டுவார்கள். வாங்கின அன்றைக்கு அது வெள்ளையாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நெல் அவித்த தண்ணீரின் நிறத்துக்கு வந்து நின்றுவிடும். உழைக்கிறவன் இடுப்பில் வெள்ளை தங்காது. இந்த மூன்று பேர் இடுப்பில் தங்கியது.

முதல் ஆள் குணசேகரன். ஊராட்சித் தலைவர் இளமதியின் வீட்டுக்காரர். இளமதி கையெழுத்துப் போடுவார், கொடியேற்றும் நாளில் கயிற்றை இழுப்பார். மற்றதையெல்லாம் குணசேகரன் பார்த்துக்கொண்டார். ஊர் அவரைத்தான் தலைவர் என்றது, இளமதியைத் தலைவர் வீட்டம்மா என்றது. இரண்டாவது ஆத்மநாதன், பிடாரி அம்மன் கோயில் பொருளாளர். மூன்றாவது சேவுகன், ஜேசிபி வைத்திருப்பவர். தலைவரும் பொருளாளரும் ஜேசிபியும் ஒரே திசையில் போனால் அந்தப் பக்கம் ஒரு கண்மாய் இருக்கிறது என்று அர்த்தம்.

இருந்தது. கோயில் திடலை மேடாக்கப் போகிறோம் என்று சொல்லிக் கண்மாயில் கிராவல் மண் அள்ளினார்கள். கரையேறிய லாரிகள் கோயில் பக்கம் திரும்பாமல் வல்லத்திராக்கோட்டை ரோட்டில் போயின. திடல் இன்றைக்கும் பள்ளம்தான். கண்மாய் அதைவிடப் பள்ளம். அதற்குப் பிறகு கண்மாயில் தண்ணீர் நிற்கவில்லை. ஊர் போர்வெல்லில் பாதி நேரம் காற்றுதான் வந்தது.

இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டீக்கடையில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்வதில் ஓடப்பன்பட்டிக்கு நல்ல பழக்கம்.

திலகவதியும் பேசவில்லை. அவளுக்குப் பேச முடியாத காரணம் ஒன்று இருந்தது. அவளுடைய மகளிர் குழு துணி துவைக்கிற லிக்விட் சோப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தது பழைய ரேஷன் கடைக் கட்டிடத்தில். கட்டிடம் ஊராட்சியுடையது. அதாவது குணசேகரனுடையது.

சோப்புக்கு வருவதற்கு முன்னால் அவள் ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். வறுத்த கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் தோல் கருகி உரியும். சோற்றைப் பிசைந்தால் காந்தும். ரேகை அழிந்துபோய், அரிசி வாங்கப் போன இடத்தில் மிஷின் அவளை அவள் இல்லை என்று சொல்லியது. சோப்பு தொடங்கி வெகுநாள் கழித்துத்தான் மிஷின் அவளை ஒத்துக்கொண்டது. இன்னொரு தடவை முந்திரிக்குப் போவதில்லை என்பது ஒன்றில்தான் அவள் உறுதியாக இருந்தாள். மற்ற எதிலும் விட்டுக்கொடுப்பாள்.

சோப்பு செய்வது பெரிய வித்தை இல்லை. தார் மாதிரி இருக்கிற ஆசிட் ஸ்லரியைத் தண்ணீரில் கரைத்து, காஸ்டிக் சோடாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் கறுப்பு வெளுத்து மோர் நிறத்துக்கு வரும். கடைசியில் வாசனையும் பச்சைக் கலரும். சனங்களுக்குச் சோப்பு என்றால் அந்தக் கலர்தான். கிளிப்பச்சையாக இருந்தால் அழுக்குப் போகும். ஒரு சொட்டு வெளிறினாலும், "போன தடவ மாதிரி இல்லையே, தண்ணியக் கலந்துட்டீகளா" என்பார்கள். சோடா கூடிவிட்டதா என்று பார்க்க ஒரு மஞ்சள் துணி போதும். மஞ்சளில் நனைத்துக் காயவைத்த கந்தலில் சோப்பைத் தொட்டு வைத்தால், சரியான சோப்பு மஞ்சளை மஞ்சளாகவே விடும். சோடா கூடினது சிவக்க வைக்கும். மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டு சிவப்பாக ஆரத்தி ஆலம் கரைக்கத் தெரிந்த எந்தப் பொம்பளைக்கும் இது தெரியும்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டின வாரத்தில் சோடா ஊற்றும் வேலை தேவிப்ரியாவுடையது. அவள் வீட்டுக்காரன் துபாயில் இருந்தான். வீடியோவில் அவனிடம் சண்டை போட்டுக்கொண்டே கலக்கினாள். மறுநாள் காலையில் திலகவதி டிரம்மைத் திறந்தாள். பச்சையைக் காணோம். மாட்டு மூத்திரம் மாதிரி ஒன்று நின்றது.

"என்னடி இது?"

"நேத்து பச்சையாத்தான்க்கா இருந்துச்சு."

"நேத்து நீயுந்தான் நல்லா இருந்த. சோடாவ எத்தனவாட்டி ஊத்துன?"

தேவிப்ரியா யோசித்தாள். "அவரு போனை வைக்கிறதுக்கு முன்னாடி ஊத்துனேன். வச்சதுக்கப்புறம், அந்தக் கோவத்துல..."

"இன்னொருவாட்டி ஊத்திட்ட."

"அந்த மனுசன் பேசுனத நீங்க கேட்டிருந்தா டிரம்மையே தூக்கி ஊத்தியிருப்பீங்க."

மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். வெற்றிலை எச்சில் மாதிரி சிவந்தது. திலகவதி இன்னும் கொஞ்சம் பச்சைக் கலரை ஊற்றிப் பார்த்தாள். மதியத்துக்குள் சோப்பு அதையும் தின்றுவிட்டு மறுபடி மஞ்சளித்தது. ஸ்லரியைக் கூட ஊற்றினால் சரிக்கட்டலாம். ஸ்லரி தீர்ந்திருந்தது. திருச்சியிலிருந்து லோடு திருவிழா கழித்துத்தான் வரும்.

அந்த நேரத்தில்தான் கேன்கள் வந்தன. திருவிழாவென்றால் மூன்று வெள்ளை வேட்டி வீட்டுக்கும் ஆளுக்கொரு கேன் சோப்பு ஓசியில் போகும். யாரும் கேட்டு வாங்குவதில்லை. காலிக் கேன் வரும், நிறைந்து போகும். கொண்டுவந்தவள் அழகி. கீழத்தெருக்காரி. மூன்று வீட்டிலும் துணி துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது அவள்தான். ஒரு காலத்தில் குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்து நின்றாள். ஆள் நிறைந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தார்கள். அப்போது நிறைந்திருக்கவில்லை.

திலகவதி டிரம்மையும் கேன்களையும் பார்த்தாள். அப்புறம் டிரம்மிலிருந்து மூன்றையும் நிரப்பினாள்.

"அக்கா, துணி கெட்டுப்போயிராதா?" என்று தேவிப்ரியா காதில் கேட்டாள்.

"ஓசிச் சோப்புல ஓட்ட விழுந்தா எவன்டி வந்து கேப்பான்?"

அழகி கேனைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "கலரு ஒரு மாதிரியா இருக்கே திலகவதியம்மா."

"புதுச் சரக்கு. ஓசிக்கு எந்தக் கலரா இருந்தா என்ன?"

"ஓசி அவுகளுக்குத்தானே," என்று சொல்லிவிட்டு அழகி கேன்களை இடுப்பிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு போனாள். திலகவதிக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. கோயில் வாசலில் அண்டா அண்டாவாக மஞ்சள் தண்ணீரைக் கரைத்து வைத்து, முறை உள்ளவர்கள் மேல் முறை உள்ளவர்கள் ஊற்றுவார்கள். முறை இல்லாதவர்கள்தான் அதிகம் ஊற்றுவார்கள். முதல் மரியாதை வழக்கம்போல மூன்று வெள்ளை வேட்டிக்கும். மாலையைப் போட்டு வரிசையாக நிற்க வைத்தார்கள். கொழுந்தியாள் முறைக்காரி ஒருத்தி செம்பு நிறைய மொண்டு குணசேகரன் இடுப்பில் ஊற்றினாள்.

வேட்டி முதலில் மஞ்சளானது. பிறகு யோசித்துப் பார்த்து முடிவெடுத்தது மாதிரி சிவந்தது. இடுப்பிலிருந்து முழங்காலுக்குத் திட்டுத் திட்டாக இறங்கியது. ஆத்மநாதனுக்கு இரண்டு தொடையிலும், சேவுகனுக்குப் பின்பக்கத்திலும். சுற்றி நின்ற மற்ற எல்லாரும் நனைந்திருந்தார்கள். அவர்கள் வேட்டியெல்லாம் நெல் அவித்த நிறத்தின் மேல் மஞ்சள், அவ்வளவுதான்.

கொட்டு நின்றது. யாரோ ஒரு பொம்பளை, "ஆத்தா, ரெத்தம்டி," என்றாள்.

பூசாரிக்கு உடனே சாமி வந்தது. அவருடைய கிணறு வற்றிப்போயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். "மண்ணு," என்று உறுமினார். "எம்மண்ண அள்ளுனவன் எங்கடா? எங்கண்மாய அள்ளுனவன் எங்கடா?"

எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. சிவப்பாக நின்றார்கள்.

மூன்று பேரும் வீட்டுக்குப் போய் வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அதுவும் அதே சோப்பில் துவைத்தது. குணசேகரன், "இப்ப ஊத்துங்கடா பாப்போம்," என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இந்தத் தடவை ஊற்றுவதற்கு முறை பார்க்கவில்லை. ஊரே ஊற்றியது. முன்னதைவிடச் சிவந்தது.

ஆலம் கரைத்துக் கரைத்துக் கை மஞ்சளான பொம்பளைகள் அங்கே நூறு பேர் இருந்தார்கள். மஞ்சள் எதனால் சிவக்கும் என்று ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலையில் மூன்று பேரும் சோப்புக் கட்டிடத்துக்கு வந்தார்கள். கைலி கட்டியிருந்தார்கள்.

"ஏம்மா திலகவதி," என்று குணசேகரன் மெதுவாக ஆரம்பித்தார். "சாயங்காலம் கோயில்ல கூட்டம் போட்டிருக்கு. நீ வந்து, எஞ்சோப்புல கோளாறு, அதான் செவந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. முடிஞ்சுபோச்சு."

"ஒங்களுக்கு முடிஞ்சிரும் மாமா. எனக்குமுல்ல முடிஞ்சிரும். நாளைக்கு எவ வாங்குவா?"

"வாங்கலேன்னா வேற தொழில் பாரு," என்றார் சேவுகன். "முந்திரி ஒடைக்கிறது விட்டா போச்சு?"

திலகவதி அவர் கையைப் பார்த்தாள். ஜேசிபியைக்கூட அவர் ஓட்டுவதில்லை, ஆள் வைத்திருக்கிறார். வழவழவென்று இருந்தது.

"ஊருபூரா எஞ்சோப்புலதான் தொவைச்சாக," என்றாள். "வேற ஒருத்தருக்கும் செவக்கலையே."

"அதான் கேக்குறேன்," என்றார் ஆத்மநாதன். "எங்களுக்கு மட்டும் எதக் குடுத்த?"

"எப்ப குடுத்தேன்? கடையில வாங்குனீகளா?"

குணசேகரன் கதவில் தொங்கிய பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்ல பூட்டு," என்றார். "கோளாறுன்னு சொன்னா இது ஒங்கிட்ட இருக்கும். இல்லேன்னா எங்கிட்ட இருக்கும். யோசிச்சுக்க."

அவர்கள் போனபின் தேவிப்ரியா அழ ஆரம்பித்தாள். "சொல்லிருங்கக்கா. தப்பு எம்மேலதான்னு வேணாலும் சொல்லிருங்க."

"சொன்னா பூட்டு மட்டுந்தான்டி மிஞ்சும். பூட்டயா விப்ப?" என்றாள் திலகவதி. அந்த டிரம்மை இரண்டு பேரும் உருட்டிக்கொண்டுபோய்ப் பின்பக்கத்துச் சீமைக்கருவேலைக்குள் கவிழ்த்தார்கள். கருவேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி மிச்சம் இருப்பது மூன்று வீட்டுக் கேன்களில்தான். யாராவது அதில் ஒரு கேனைத் தூக்கி வந்து ஊருக்கு முன்னால் ஒரு துணியை அலசினால், முந்திரிதான்.

சாயங்காலம் கோயில் வாசலில் திருவிழாக் கூட்டத்தைவிட அதிகக் கூட்டம். திலகவதி கடையில் விற்கிற கிளிப்பச்சைப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். எல்லார் முன்னாலும் ஒரு வெள்ளைத் துண்டைச் சோப்பில் முக்கி, பேருக்கு ஒரு தடவை அலசி, பூசாரி கையில் கொடுத்தாள். பூசாரி அதன்மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். மஞ்சளாகவே இருந்தது.

"சோப்பு சுத்தம்," என்று ஒருவன் சத்தம் போட்டான். "அப்ப ஆத்தா சொன்னதுதான்."

"அது கடைச் சரக்குய்யா," என்று சேவுகன் எழுந்தார். "எங்க வீட்டுல இருக்குற சோப்ப வச்சுப் பாருங்க."

"ஒங்க வீட்டுச் சோப்பு எங்க வாங்குனது?"

"இவகிட்டதான்."

"எந்தத் தேதியில வாங்குனீக அண்ணே?" என்று திலகவதி கேட்டாள். "எங்கிட்ட வாங்குனவுக எல்லாரையும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஒங்கள இல்லையே."

கூட்டத்தில் சிரிப்பு ஓடியது. சேவுகனுக்குக் கோபம் வந்தால் வெட்கம் போய்விடும். "வாங்கல, சும்மாதான் எடுத்தோம். அது மாமூலு. அதுக்கென்ன இப்ப?"

"மண்ணையும் அப்பிடித்தான எடுத்தீக," என்றது ஒரு குரல். யாருடையது என்று தெரியவில்லை. டீக்கடையில் இத்தனை நாளும் பேசாத குரல் அது.

குணசேகரன் சேவுகனை உட்காரச் சொல்லிவிட்டு, "அழகியக் கூப்புடுங்க. தொவைச்சவ அவதான. கேனையும் கொண்டாரச் சொல்லுங்க," என்றார்.

கூட்டம் வழி விட்டது. அழகி வந்தாள். ஒரு கேன் மட்டும் கொண்டுவந்திருந்தாள். கை இரண்டிலும் பழைய துணியைச் சுற்றியிருந்தாள். அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டு வேலைக்காரி கையில் துணி சுற்றியிருப்பது பார்க்க வேண்டிய காட்சியில்லை.

குணசேகரன் கேனை வாங்கிக் குலுக்கினார். சத்தமில்லை.

"எங்க சோப்பு?"

"தீந்துபோச்சுங்க."

"மூணு வீட்டுலயுமா?"

"மூணு வீட்டு வேட்டியும் கொஞ்சமா கெடந்துச்சு? தீந்துச்சு, கழுவிக் கவுத்திட்டேன்."

"நல்லா அலசுனியா, இல்ல நொரையோட காயப்போட்டியா?"

"எங்கிட்டுப் போயி அலசுறது? கொழாயில தண்ணி வந்தாத்தானே. ஒரு தண்ணியில முக்கித்தான் போட்டேன். கண்மாய்ல தண்ணி கெடந்தா அங்கிட்டுக் கொண்டுபோயி நாலு தண்ணியில அலசியிருப்பேன்."

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் யாருக்காவது நுரைக்கும் சிவப்புக்கும் உள்ள சம்பந்தம் உறைத்திருக்கும். ஓடப்பன்பட்டிக்குக் கண்மாய் என்ற சொல் மட்டும்தான் கேட்டது. கூட்டம் ஒரு தடவை உறுமி அடங்கியது.

குணசேகரன் லேசான ஆளில்லை. கடைசியாக ஒன்று கேட்டார். "சரி. அந்தச் சோப்பு என்ன கலருல இருந்துச்சு? அத மட்டும் சொல்லு. பச்சையா, வேற கலரா?"

அழகி குணசேகரனைப் பார்த்தாள். அப்புறம் திலகவதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியோ பகையோ இல்லை. சந்தையில் ஒரு ஆட்டைப் பார்க்கிற மாதிரி, இது எவ்வளவுக்குப் போகும் என்று பார்த்தாள்.

"பச்சதாங்க," என்றாள். "நல்ல கிளிப்பச்ச."

அதோடு முடிந்தது. பூசாரிக்கு மறுபடி சாமி வந்து பரிகாரம் சொல்லியது. மூன்று பேரும் ஆளுக்கொரு கெடா வெட்டி ஊருக்குச் சோறு போட வேண்டும். மூன்று பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அள்ளின மண்ணைத் திரும்பப் போடச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்குக் கெடா லேசு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே கோயில் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டது. எலும்பைக் கடித்துக்கொண்டே, ஆத்தா துடியான தெய்வம் என்று பேசிக்கொண்டார்கள். கண்மாய் அப்படியேதான் கிடந்தது. அதைப் பற்றிக் கேட்கக் கறி தின்ற வாய் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

குணசேகரன் பூட்டைத் தொடவில்லை. சோப்பைக் குறை சொன்னவர் கட்டிடத்தையும் பூட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். கோயிலில் பரீட்சை வைத்த சோப்பு என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. லோடு வந்து இறங்கிய காலையில் திலகவதி பாட்டுப் பாடாத குறைதான்.

அப்போது அழகி வந்தாள். வெளியே நிற்காமல் நேராக உள்ளே வந்து, கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். இரண்டு உள்ளங்கையும் வெந்து தோலுரிந்து, விரலிடுக்கில் சதை தெரிந்தது.

திலகவதி வேட்டியில் ஓட்டை விழும் என்று நினைத்தாளே தவிர, அதைத் துவைக்க ஒரு கை வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. மூன்று கேனையும் அந்தக் கையில்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"தெரியாமப் போச்சு அழகி."

"தெரிஞ்சுதான் குடுத்த. ஆரு தொவைக்கிறதுன்னுதான் நெனைக்கல." அழகி துணியை மறுபடி சுற்றிக்கொண்டாள். "அந்தப் பேச்சு கெடக்கட்டும். குழுவுல ஆளு நிறைஞ்சிருக்கா, எடம் இருக்கா?"

தேவிப்ரியா நடுவில் புகுந்தாள். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல. மத்தவுக என்ன சொல்லுவாகளோ. கீழத்தெருன்னா கொஞ்சம்..."

"மூணு கேன்ல ஒண்ணு தீரல," என்றாள் அழகி. "பாட்டில்ல புடிச்சு வச்சிருக்கேன். மாட்டு மூத்திரமாட்டம் இருக்கு. மத்தவுககிட்ட அதையும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

திலகவதி, மற்றவர்களிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

"பேசிக்க திலகா," என்றாள் அழகி. அம்மா என்பது கழன்று விழுந்துவிட்டிருந்தது. கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மூலையில் தார் மாதிரி ஸ்லரி, இன்னொரு மூலையில் காஸ்டிக் சோடா மூட்டை, ஜன்னல் பக்கம் நாற்காலி, அதன்மேல் பச்சைக் கலர் டப்பா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சோடாவ இவ கரைக்கட்டும்," என்று தேவிப்ரியாவைக் காட்டினாள். "போனை வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லு. கலரு நான் ஊத்துறேன்."